கொதிக்காத தண்ணீர்

தம்பி,

நான் பேசாமல் இருந்தது போதும். போன மாதம் உனக்குத் தொழில் கற்றுத்தரும் பல் துரையோடு நீ இங்கே வந்து பல் வைத்தியம் பார்த்துவிட்டு, ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குத் திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு இங்கே நடந்த எதையும் உனக்கு எழுதவில்லை. மழை பெய்தது, உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, எருமை கன்று ஈன்றது என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். தொழில் கற்கிற பிள்ளையின் மனத்தைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நேற்று உன் கடிதம் வந்தது. ஒரு கர்னல் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் துரை உன்னை நிற்கவிட்டதையும், இனி உனக்கென்று தனியாக வெள்ளைக் கோட்டு தைக்கப்போவதையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். கடைசியில் 'சுரங்க ஆஸ்பத்திரியில் பின் வராந்தா வேலையும் குறைவில்லாமல் நடந்தது' என்று ஒரு வரி. உனக்குத் தெரியாமல்தான் அப்படி எழுதினாய். தெரியாமல் எழுதிய வரி உன் துரை எழுதியதைப் போலவே இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

பெருமாளை உனக்கு நினைவிருக்க வேண்டும். சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டுக்காரன், காது மடல் கிழிந்தவன், பின் வராந்தாவில் உட்கார்ந்து எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தானே, அவன்தான். கீழ்த்தாடையின் இடது பக்கக் கடைவாய்ப்பல்லை நீதான் எடுத்தாய். இப்போது அவன் நம் ஆஸ்பத்திரி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறான். பல் எடுத்த இடத்திலிருந்து வீக்கம் இறங்கித் தாடைக்கு அடியில் கல் மாதிரி இறுகிவிட்டது. கழுத்து எது, முகம் எது என்று தெரியவில்லை. வாய் திறக்கவில்லை. பல் இடுக்கில் கரண்டி நுனியை வைத்துக் கஞ்சித் தண்ணீரை வடியவிடுகிறார்கள். கழுத்தில் கீறி ரப்பர் குழாய் வைத்திருக்கிறார்கள். பிழைப்பானா என்று கேட்டால் நம் ஆஸ்பத்திரி டாக்டர் துரை தோளைக் குலுக்குகிறார். அவன் பேசி நான் கேட்டு நாளாகிவிட்டது.

நீ வேறு ஏதாவது நினைக்கும் முன் அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அன்று நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். நான் மறந்துவிட்டேன் என்று நீயும், நீ மறந்துவிட்டாய் என்று நானும் வைத்துக்கொண்டால் இருவருக்கும் சௌகரியம்தான்.

உன் துரை வரும் நாளில் ஆஸ்பத்திரி இரண்டாகப் பிரிந்துவிடும். முன் அறையில் திரை கட்டி, பீங்கான் கிண்ணம் வைத்து, ஸ்பிரிட் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே வெள்ளைக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். பின் வராந்தாவில் நம் ஆட்கள். ஷிப்டு முடிந்து மேலே வந்தவர்களும், அடுத்த ஷிப்டுக்குக் கீழே போக வேண்டியவர்களும் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இலவசம் என்பதால் வருகிறார்கள். எதற்காக இலவசம் என்று அவர்கள் கேட்டதில்லை. நான் கேட்டேன், ஆஸ்பத்திரியில் எழுத்தும் மொழிபெயர்ப்புமான என் ரைட்டர் உத்தியோகத்தின் முதல் வருஷத்தில். 'பையன்களுக்குக் கை பழக வேண்டாமா' என்று உன் துரை சிரித்துக்கொண்டே சொன்னார். உனக்கு முன் அவரிடம் கற்ற பையன்களும் அந்த வராந்தாவில்தான் கை பழகினார்கள். முன் அறைக்குப் போகத் தகுதி வரும்வரை பின்னால் நிற்க வேண்டும். இதை நான் தவறு என்று நினைக்கவில்லை, தம்பி. எங்காவது ஒரு வாயில் எல்லாரும் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் முன் அறையில் ஒவ்வொரு முறையும் பல் எடுக்கும் குறடு கொதிநீரில் முங்கி வெளியே வந்தது. பின் வராந்தாவில் ஒரு வாளி. காலையில் அதில் கொஞ்சம் கார்பாலிக் மருந்தை ஊற்றினார்கள். அதற்குப் பிறகு ஒருவன் வாயிலிருந்து வந்த குறடு அந்த வாளியில் அலசி அடுத்தவன் வாய்க்குள் போயிற்று. மத்தியானத்துக்குள் அந்தத் தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி ஆகிவிட்டது.

நீ பேசாமல் இருக்கவில்லை. அதை நான் எந்த நீதிபதி முன்னாலும் சொல்வேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். நீ முன் அறைக்குப் போய் துரையிடம் வெந்நீர் கேட்டாய். அவர் வாசலுக்கு வந்து வராந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'சுரங்கத்துக்குள் போகிறவன் வாயில் இதைவிட மோசமானது எல்லாம் போகிறது' என்று இங்கிலீஷில் சொன்னார். நீ நகரவில்லை. என் பக்கம் திரும்பினாய். 'அப்பா, நீங்களாவது சொல்லுங்க, ஒரு அடுப்பு இங்க வச்சா போதும்' என்றாய். பக்கத்தில் நின்ற டாக்டர் துரையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை: 'துரை சொன்னபடி செய்டா. பெரிய மனுஷன் மாதிரி பேசாதே.' உன் காது சிவந்துபோயிற்று. குறடை வாளியில் விட்டு ஒரு கலக்குக் கலக்கினாய். அடுத்த ஆள் பெருமாள்.

அவன் உட்கார்ந்துகொண்டே உன்னை வம்புக்கு இழுத்தான். 'இன்னா தம்பி, எந்தப் பல்லுன்னு கேக்கவே இல்லியே. நல்லதைப் புடுங்கி எடுத்துகினு, கெட்டதை எனக்கே வுட்டுட்டுப் போயிடாதே.' வராந்தா முழுக்கச் சிரித்தது. நீ கோபப்படவில்லை. உன் துரை கற்றுக்கொடுத்தபடி குறடை உள்ளங்கையில் சாய்த்து, கோட்டுக் கைக்குள் மறைத்துக்கொண்டு, வெறும் கையோடு நிற்பவன் மாதிரி அவன் முன் நின்றாய். ஊர் எது, பூதிகோட்டைப் பக்கமா, அங்கே ராகி எப்படி விளைந்தது என்று கேட்டாய். அவன் ராகியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தான். மூடும்போது பல் உன் கையில் இருந்தது. அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, 'எடுத்தாச்சா? அடப்பாவி, மந்திரவாதிப் பையன்டா இவன்' என்றான். எனக்கு நெஞ்சு விரிந்துபோயிற்று, பொய் சொல்லவில்லை. ரத்தம் நிற்கும்வரை உட்காரச் சொன்னாய். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய ஷிப்டு இல்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு, பல்லை வேட்டி முனையில் முடிந்துகொண்டு, சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறப் போய்விட்டான்.

உன்னை இந்தத் தொழிலுக்கு அனுப்பியபோது உன் மாமா ஊரெல்லாம் சொன்னது உனக்கும் எட்டியிருக்கும். 'பிள்ளையை பி.ஏ. படிக்க வைப்பேன்னு மச்சான் மார் தட்டினாரு, கடைசியில பல்லுப் புடுங்கற நாவிதன் வேலைக்கு அனுப்பினாரு.' கண்டவன் எச்சிலில் கை வைக்கிற தொழிலுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று உன் அத்தை தன் மகளை உனக்குக் கொடுக்கும் பேச்சையே நிறுத்திவிட்டாள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே உன் கடிதங்களை அவர்கள் முன்னால் உரக்கப் படித்தேன். வாய்க்குள் விடும் கண்ணாடியை நோயாளியின் மூச்சில் மங்காமலிருக்க முதலில் சூடாக்க வேண்டும், வேர் உள்ளே முறிந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது, கையை நோயாளி பார்க்கும்படி கழுவ வேண்டும், ஒருவர் வாயில் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்றெல்லாம் நீ எழுதியிருந்தாயே, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நாவிதனுக்கு இதெல்லாம் உண்டா என்று கேட்டேன். உன் மாமா வெற்றிலையைத் துப்ப எழுந்துபோனார். அன்று ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இப்போது அந்தக் கடிதங்களை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். எல்லாம் நல்ல பாடம்தான். எல்லாம் முன் அறைப் பாடம். பின் வராந்தாவில் என்ன செய்ய வேண்டும் என்று உன் துரை உனக்கு ஒருநாளும் சொல்லித்தரவில்லை. செய்து காட்டினார். பையன்கள் சொல்வதைக் கேட்டுக் கற்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் இந்த உத்தியோகத்தை அப்படித்தான் கற்றேன். ஒரு கூலியாள் தன் வயிற்றுவலியைக் கால்மணி நேரம் அழுதுகொண்டே சொல்வான். எனக்கு முன்னால் இருந்த ரைட்டர் அதை டாக்டருக்கு இரண்டே வார்த்தையில் இங்கிலீஷில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். எவ்வளவு கெட்டிக்காரர் என்று வியந்தேன். கொஞ்ச நாளில் எனக்கும் இரண்டு வார்த்தை போதுமானதாகிவிட்டது.

பல் எடுத்த சில நாளில் பெருமாளுக்குக் கன்னம் வீங்கியது. அவன் பெண்சாதி முனியம்மா, வேலைக்குப் போகாமல் படுத்தவனை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், லைனுக்கு முகம் வழிக்க வந்த நாவிதன் எல்லப்பனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் கிராம்புத் தைலம் தடவி, மஞ்சளும் உப்பும் வறுத்து ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போனான். வீக்கம் கழுத்துக்கு இறங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். முனியம்மா என்னைத் தேடி வந்து நின்றாள். 'ஐயா, உங்க பிள்ளைதானே எடுத்தாரு. வலியே தெரியலன்னு ரெண்டு நாளா அதையே சொல்லிகினு இருந்தாரு. உங்க பிள்ளை ரயில்ல வந்தாருன்னா ஒருவாட்டி பாக்கச் சொல்லுங்க ஐயா. அவரு கைராசிக்காரரு.' அவள் குற்றம் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குற்றம் சொல்கிறவர்களிடம் பேசிப் பேசியே எனக்கு வயசாகிவிட்டது. அவள் உன்னைக் கேட்டாள்.

இனி எல்லப்பன் விஷயம். அவன் இப்போது போலீஸ் டாணாவில் அடைபட்டிருக்கிறான். பெருமாளின் பல்லை அவன்தான் லைனில் வைத்துத் துருப்பிடித்த குறடால் பிடுங்கினான் என்று பேச்சு. இந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கத் தேவையும் இல்லை. ஆஸ்பத்திரியில் பல் எடுத்தவன் கழுத்து வீங்கிச் செத்தான் என்றால் நாளைக்கு லைனிலிருந்து ஒருவன் இங்கே வரமாட்டான். மேலதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். உன் துரை இந்தப் பக்கம் வருவது நின்றுபோகும். நாவிதன் எடுத்தான் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை, எல்லப்பனைத் தவிர. அவனும் வீங்கின கன்னத்தைத் தொட்டவன்தானே, ஊரே பார்த்திருக்கிறது.

அவனை எனக்குப் பிடிக்காது. அதை மறைக்க மாட்டேன். குடிகாரன், வாயாடி, பாதி முகத்தை வழித்துவிட்டு மீதியைப் பேச்சில் மறந்துவிடுகிறவன். நான் முதன்முதலில் கோட்டு போட்டுக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் நடந்த அன்று 'வாங்க அரைத் துரை' என்று கூப்பிட்டவன் அவன்தான். அந்தப் பேர் என் மேல் ஒட்டிக்கொண்டது. தலைமை ரைட்டர் உத்தியோகம் எனக்கு வராமல் டாக்டர் துரை வீட்டு பட்லரின் மருமகனுக்குப் போனபோது, 'அரைத் துரைக்கு அரை உத்தியோகம் போதும்' என்று அவன் சொல்லி கடைத்தெரு சிரித்தது. பட்லரின் மருமகனைக்கூட ஒருநாள் மன்னிப்பேன். எல்லப்பனை மன்னிக்க எனக்கு மனசு வந்ததில்லை. அவனை டாணாவில் அடைத்தார்கள் என்று கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அரைக்கணம்தான். ஆனால் வந்தது.

டாணா வழியாகத்தான் நான் வீட்டுக்கு வர வேண்டும். கம்பிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துவிட்டான். 'ரைட்டரே, சித்த நில்லுங்க' என்றான். நான் நிற்காமல் நடந்தேன். 'நில்லுங்க சாமி, கடன் கேக்க மாட்டேன்' என்றான். நின்றேன். கன்னத்தில் அடிபட்ட வீக்கம், ஒரு கண் திறக்கவில்லை. 'உங்க பையனுக்கு மொத மொட்டை போட்ட கை இது. ஒரு கீறல் வுழுந்துதா, அவன் மண்டையைத் தடவிப் பாருங்க. நான் பல்லைப் புடுங்கினா ஊரைக் கூட்டிதானே புடுங்குவேன். ரெண்டு பேரு காலைப் புடிக்கணும், ஒருத்தன் தலையைப் புடிக்கணும், அவன் போடற சத்தம் ஸ்டேஷனுக்குக் கேக்கும். யாருக்கும் தெரியாம நான் எவன் பல்லைப் புடுங்கியிருக்கேன், சொல்லுங்க. நீங்க அன்னிக்கி வராந்தாவில இருந்தீங்கன்னு சொல்றாங்க. ஒரு வார்த்தை சொன்னா போதும்.' நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, 'சரி போங்க. கோட்டு நல்லாகீது' என்றான்.

மறுநாள் டாக்டர் துரை என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாள். பெருமாள் தன் வாயால் சொன்ன வாக்குமூலம் என்று தலைப்பு. எல்லப்பன் தன் பல்லைப் பிடுங்கினதாகவும், அதற்குப் பிறகே வீங்கினதாகவும் அதில் இருந்தது. இதைத் தமிழில் அவனுக்குப் படித்துக் காட்டி, அவன் பெருவிரல் ரேகை வாங்கி, அவன் சொன்னதை நானே கேட்டு மொழிபெயர்த்தேன் என்று கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை போதும் என்றார். வாய் திறக்காதவன் எப்படிச் சொன்னான் என்று நான் கேட்டேனா என்று நீ நினைப்பாய். கேட்கவில்லை. 'உன் மகன் நன்றாக வருவான் என்று பல் துரை சொல்கிறார்' என்றார் அவர். 'குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறதாமே, ஓடு மாற்றச் சொல்லட்டுமா' என்றும் கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. சங்கு ஊதினால் பயம். வார்டிலிருந்து ஆள் வந்தால் பெருமாள் போய்விட்டானோ என்று பயம். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போகும், வீடு போகும், உன் துரை உன்னை வெளியே அனுப்பிவிடுவார், நீ அரைகுறைத் தொழிலோடு வந்து நிற்பாய், உன் மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். உண்மை வெளியே வந்தால் உன்னைப் பிடிப்பார்களோ என்று பயம். குற்றம் வாளியைச் சேர்ந்தது, வாளி துரையைச் சேர்ந்தது, ஆனால் குறடு உன் கையில் இருந்தது. அவர்கள் குறடைத்தான் பார்ப்பார்கள். இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எதுவுமே நடக்காமல் போய்விடுமோ என்பதுதான் அது. எல்லப்பன் ஜெயிலுக்குப் போவான், நீ வெள்ளைக் கோட்டு போடுவாய், முன் அறைக்குள் நுழைவாய், பிறகு ஒருநாள் வேறொரு பையன் உன்னிடம் வெந்நீர் கேட்பான். நீ வாசலுக்கு வந்து வராந்தாவை ஒரு பார்வை பார்ப்பாய்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. முனியம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். 'அவனை வரச் சொல்லி எழுதட்டுமா, வர வேண்டாம்னு எழுதட்டுமா' என்று கேட்டேன். 'இத்தினி வருஷமா அவன் இன்னா செய்யணும்னு சொல்லிச் சொல்லித்தானே இங்க வந்து நிக்கறோம்' என்றாள். 'நடந்ததை எழுதுங்க. செய்யறதை அவன் செய்யட்டும்.' பிறகு, 'இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த தடவை நானே அடுப்பைத் தூக்கிகினு போய் அந்த வராந்தாவில வைக்கறேன்' என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கரி எடுத்து வைத்திருக்கிறாள்.

நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகு வார்டுக்குப் போனேன். பெருமாள் விழித்திருந்தான். முனியம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாளைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலருகே குனிந்து, 'பெருமாளு, உன் பல்லை எல்லப்பன் எடுத்தானா' என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்துவிட மாட்டானா என்று என் மனம் வேண்டிக்கொண்டிருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அவனால் தலையை அசைக்க முடியாது. போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தான். எதற்கோ ஜாடை காட்டுகிறான், தண்ணீரோ என்று முனியம்மா எழுந்தாள். அவன் விரல்களை உள்ளே மடக்கி, உள்ளங்கையை மேலே காட்டாமல் சாய்த்து, சட்டைக் கைக்குள் எதையோ மறைத்துப் பிடிப்பவன் மாதிரி மார்புக்கு நேரே வைத்தான். பிறகு மற்றக் கையால் ராகிக் கதிர் அறுப்பது மாதிரி காட்டினான். உன்னை அப்படியே செய்து காட்டினான், தம்பி. நீ நின்ற நிலை, உன் முழங்கை மடக்கு எல்லாம் அதில் இருந்தது. இந்தச் சுரங்கத்தில் எந்த நாவிதனும் குறடை மறைத்துப் பிடித்ததில்லை. முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். அவன் கண்ணில் கோபமில்லை. நல்ல வித்தையைப் பார்த்தவன் மாதிரிதான் காட்டினான். பேச முடியாதவன் சொன்னதை மொழிபெயர்ப்பது என் உத்தியோகம். இதைவிடத் தெளிவாக எவனும் எனக்கு வாக்குமூலம் கொடுத்ததில்லை. இதை இரண்டு வார்த்தையில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வேர் முறிந்தால் முகத்தில் காட்டக் கூடாது என்று உன் துரை சொன்னது சரி. முறிந்தது என்று நோயாளியிடம் பிறகு சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள். ரத்தம் நிற்காமல் எவனையும் கூண்டுக்கு அனுப்பாதே, சங்கு ஊதினாலும் சரி. கையை அவர்கள் பார்க்கும்படி கழுவுகிறாயே, பார்க்காதபோதும் கழுவு. வெந்நீர் கேள். இல்லை என்றால் குறடைக் கீழே வை. அன்று நீ என்னைப் பார்த்தாயே, இனி அப்படி யாரையும் பார்க்காதே, முக்கியமாக என்னை. உன்னைப் பெற்றவன் என்பதால் நான் தைரியசாலி ஆகிவிடவில்லை.

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். உன் துரையின் அடுத்த வருகை புதன்கிழமை. நீ அவரோடு அன்று வந்து இறங்கலாம், நானும் உன் அம்மாவும் ஒன்றும் நடக்காதது மாதிரி உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவோம். இல்லை, திங்கட்கிழமைக்கு முன் நீ மட்டும் வரலாம். வந்தால் முதலில் வார்டுக்குப் போ. முனியம்மா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். டாணாவுக்கு அப்புறம் போகலாம், நானும் வருகிறேன். வருகிறேன் என்பதை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன், தாளைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். வராதே என்றும் நான் இதே கையால் எழுதியிருப்பேன், நேற்று அவன் அந்த ஜாடையைக் காட்டாமல் இருந்திருந்தால்.

இதை ஊரிகம் தபாலாபீசில் போட மாட்டேன். அங்கே முத்திரை குத்துகிறவன் பட்லர் மருமகனோடு சீட்டாடுகிறவன். ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்து போய், அங்கே யாருக்கும் என்னைத் தெரியாத பாவனையில் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். கீழே என் பெயரைப் போடவில்லை. படிக்கிற எவனுக்கும் எவன் எழுதினான் என்று தெரியும், அது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் ரைட்டராக இருந்ததில் ஒன்று கற்றேன், கையெழுத்தில்லாத தாளை எந்த விசாரணையிலும் மதிக்க மாட்டார்கள். டாக்டர் துரையின் தாளும் அப்படித்தான். திங்கட்கிழமை அதிலும் நான் போடப்போவதில்லை. வேறொருவனைப் பிடித்துப் போட வைப்பார்கள், அதற்கு அவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆகும். இந்தக் கொஞ்ச நாளைத்தான் என்னால் கொடுக்க முடியும். உனக்கும் எல்லப்பனுக்கும் சேர்த்துத்தான். இந்த வாரம் என் பெயர் எந்தத் தாளிலும் ஏறாது, இதிலும் சரி, அதிலும் சரி.

பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். நடந்தது இதுதான் என்று அங்கே கையெழுத்துப் போட வேண்டியது நான் இல்லை, நீ.